டீச்சர் பதில்கள்: மண்ணெண்ணெய் வரிசை, புள்ளடி, லோர்ட்ஸ் கனவு

2024 செப்டெம்பரில் இலங்கை ஜனாதிபதித் தேர்தல் முடிந்து மூச்சு விடுவதற்குள் நவம்பர் 14இல் பாராளுமன்றத் தேர்தல் வந்து நின்றது. அந்த ஒக்டோபரில் நம் திருகோணமலைப் பக்கமிருந்து வந்த கடிதங்களில் பாதி வாக்கைப் பற்றியவை. மீதி விலைவாசியும் விளையாட்டும். முப்பத்தொரு வருடம் உடற்கல்வி படிப்பித்தேன். அந்தக் காலத்தில் வாக்களிப்பு நிலையத்திலும் வாக்கெண்ணும் நிலையத்திலும் பல தடவை கடமை செய்தேன். ஆகவே இவை மூன்றும் எனக்குப் பழகிய விஷயங்கள். தெரிந்ததைச் சொல்கிறேன்.

டீச்சர், செப்டெம்பரில் காலி நகரில் நியூசிலாந்தோடு நடந்த டெஸ்டில் தேர்தலுக்காக ஒரு நாள் ஓய்வு விட்டார்கள். கடனில் கிடக்கிற நாட்டில் ஐந்து நாள் ஆட்டத்தை ஆறு நாளாக இழுக்க வேண்டுமா?
— பல்கலைக்கழக மாணவர், உப்புவெளி

வேண்டும் தம்பி. அந்த ஒரு நாளை விட்டது எனக்கு மிகவும் பிடித்திருந்தது. ஆட்டம் 18ஆம் தேதி தொடங்கியது. 21 சனிக்கிழமை வாக்களிப்பு. துடுப்பெடுத்து ஆடுகிறவருக்கும் வாக்கு இருக்கிறது, ஆடுகளத்துக்குத் தண்ணீர் விடுகிறவருக்கும், வாசலில் நிற்கிற பொலிஸ்காரருக்கும் இருக்கிறது.

காசில்லை என்று வாக்கு பறிபோன கதை நமக்குப் புதிதல்ல. 2023 மார்ச் 9இல் நடக்க வேண்டிய உள்ளூராட்சித் தேர்தலுக்குத் திறைசேரி பணம் விடுவிக்கவில்லை, அன்று தேர்தல் நடக்கவேயில்லை. அதனால் மக்களின் அடிப்படை உரிமை மீறப்பட்டது என்று உயர் நீதிமன்றம் 2024 ஆகஸ்டில்தான் தீர்ப்புச் சொன்னது. பிரதேச சபைக்கு ஆளில்லாமல் எங்கள் ஒழுங்கையில் எரியாத விளக்கைப் பற்றி யாரிடம் சொல்வது என்று தெரியாமல் ஒன்றரை வருடம் போய்விட்டது. அப்படியான நாட்டில் ஒரு சர்வதேசப் போட்டி வாக்குக்காக ஒரு நாள் விலகி நின்றதை நான் வீண்செலவு என்று சொல்ல மாட்டேன்.

வாக்களித்த அன்று இரவு 10 மணிக்கு ஊரடங்கு போட்டார்கள். எங்கள் பக்கம் ஒரு பட்டாசுச் சத்தம் கூட இல்லை. திங்கட்கிழமை காலை நியூசிலாந்து வெல்ல இன்னும் 68 ஓட்டங்கள் தேவை, கையில் இரண்டு விக்கெட், ஆடுகளத்தில் ரச்சின் ரவீந்திரா. நெஞ்சு அடித்துக்கொண்டுதான் இருந்தேன். பிரபாத் ஜயசூரிய சில ஓவர்களிலேயே முடித்துக் கொடுத்தார், 63 ஓட்டங்களால் நமக்கு வெற்றி. அதே நாள் அநுர குமார திசாநாயக்க ஜனாதிபதியாகப் பதவியேற்றார்.

பணவீக்கம் பூச்சியத்துக்குக் கீழே போய்விட்டதாகச் செய்தியில் சொல்கிறார்கள். எங்கள் அடுப்படியில் ஒன்றும் குறையவில்லையே? அப்பா இன்னும் கிழமைக்கு நாலு நாள்தான் கடலுக்குப் போகிறார்.
— மீனவர் மகள், திருக்கடலூர்

பிள்ளை, இதை வடிவாக விளங்கிக்கொள்ள வேண்டும். செய்தியில் சொல்கிறதும் உண்மை, உங்கள் அடுப்படியும் உண்மை.

2021 செப்டெம்பரில் 100 ரூபாவுக்கு வாங்கிய சாமான் ஒன்றை எடுத்துக்கொள்வோம். 2022 செப்டெம்பரில் கொழும்பு நுகர்வோர் விலைச் சுட்டெண்படி பணவீக்கம் 69.8 வீதம். ஆகவே அந்தச் சாமான் 170 ரூபா ஆகிறது. அடுத்த வருடம் அதே மாதம் பணவீக்கம் 1.3 வீதம், விலை 172. 2024 செப்டெம்பரில் பூச்சியத்துக்குக் கீழே அரை வீதம், விலை 171. பணவீக்கம் என்பது விலை ஏறுகிற வேகம். அப்போது வேகம் நின்றது, ஆனால் ஏறிய விலை ஏறிய இடத்திலேயே நின்றது. அப்பாவின் வருமானம் 100இலிருந்து 171 ஆகியிருந்தால் உங்களுக்கு ஒன்றும் தெரிந்திருக்காது. அது ஆகவில்லை. கஷ்டம் அங்கேதான் இருக்கிறது.

இது சராசரிக் கணக்கு. கடல் தொழிலுக்கு விழுந்த அடி சராசரியை விடப் பெரியது. 2022 ஆகஸ்டில் ஒரே இரவில் மண்ணெண்ணெய் லீற்றர் 87 ரூபாவிலிருந்து 340 ஆனது. என் தம்பிக்கும் திருக்கடலூரில் படகு இருக்கிறது. அன்று காலை அவன் இயந்திரத்தைக் கழற்றி வீட்டுத் திண்ணையில் வைத்துவிட்டு, துடுப்போடு கரைவலைக்காரருக்கு உதவப் போனான். பெற்றோலும் அப்படித்தான். 2021 முடிவில் 177, 2022 ஜூனில் 470. 2024 ஒக்டோபரில் 311 ஆகக் குறைத்தார்கள். குறைந்தது நல்லதுதான், ஆனால் 177 எங்கே, 311 எங்கே.

அப்புறம் வரி. 2019 முடிவில் வற் எனும் பெறுமதி சேர் வரியை 15இலிருந்து 8 வீதமாகக் குறைத்தார்கள், அரச வருமானம் பெரிதாக விழுந்தது. 2024இல் அது 18 வீதமானது. சர்வதேச நாணய நிதியத்திடம் வாங்குகிற சுமார் 300 கோடி டொலர் கடனுக்கான நிபந்தனைகளில் அரச வருமானத்தைக் கூட்டுவது முக்கியமானது. வற் வரி மாளிகைக்காரரிடமும் உங்கள் அம்மாவிடமும் ஒரே வீதத்தில்தான் வாங்கும். பணக்காரருக்கு அது சில்லறை, உங்களுக்கு ஒரு நேரச் சாப்பாடு. 2023இல் நாட்டில் நூற்றுக்கு 26 பேர் அளவில் வறுமைக்கோட்டுக்குக் கீழே என்று உலக வங்கி சொல்கிறது. வாக்குக் கேட்டு உங்கள் வாசலுக்கு வருகிறவரிடம் நாடு முன்னேறுமா என்று கேட்காதீர்கள். வற் வரியில் எந்தெந்தச் சாப்பாட்டுச் சாமானுக்கு விலக்குக் கேட்பீர்கள், மண்ணெண்ணெய் மானியத்துக்கு என்ன செய்வீர்கள் என்று கேளுங்கள்.

சீனக்குடாவில் இத்தனை எண்ணெய்த் தாங்கிகள் இருந்தும் 2022இல் நாங்கள் ஏன் எரிபொருள் வரிசையில் கிடந்தோம்? வாப்பா இரண்டு இரவு ஓட்டோவுக்குள்ளேயே தூங்கினார்.
— ஓட்டோ சாரதியின் மகன், கிண்ணியா

தாங்கி எண்ணெயைத் தராது தம்பி, வைத்திருக்க மட்டும்தான் அதனால் முடியும். எண்ணெய் வாங்க டொலர் வேண்டும். 2022 ஏப்ரல் 12இல் வெளிநாட்டுக் கடனைத் திருப்பிக் கட்ட முடியாது என்று நாடே கைவிரித்துவிட்டது. அந்த 99 தாங்கிகள் வெள்ளைக்காரன் தன் கடற்படைக்காகக் கட்டியவை. 2022 ஜனவரியில் போட்ட ஒப்பந்தப்படி 14 இந்திய நிறுவனத்துக்கு, 24 நம்முடைய பெற்றோலியக் கூட்டுத்தாபனத்துக்கு, 61 இரண்டும் சேர்ந்த கூட்டு நிறுவனத்துக்கு. பல தாங்கிகள் இன்னும் காட்டுக்குள் துருப்பிடித்துக் கிடக்கின்றன. அவற்றைத் திருத்தி நிரப்பினால் ஊருக்கு வேலை கிடைக்கும். அதைக் கேட்பது நியாயம்.

அந்த மே மாதம் எனக்கு மறக்காது. பிரதமர் பதவியை விட்ட மஹிந்த ராஜபக்ஷ நம் திருகோணமலைக் கடற்படைத் தளத்துக்கு வந்து தங்கினார் என்று கேள்விப்பட்டுச் சனம் தள வாசலில் கூடியது. நான் அப்போது கையில் வெறும் கலனோடு வரிசையில் நின்றேன். என் முன்னால் நின்ற கிண்ணியா உம்மா ஒருவர் தன் இடத்தை ஒரு கர்ப்பிணிக்குக் கொடுத்துவிட்டு வரிசையின் பின்னால் போய் நின்றார். அவர் பெயர் கேட்காமல் விட்டுவிட்டேன் என்று இன்றும் மனம் வருந்துகிறது.

எனக்கு இதுதான் முதல் வாக்கு. விருப்பு வாக்கு எல்லாம் குழப்பமாக இருக்கிறது. பிழையாகப் போட்டால் என்ன ஆகும்?
— மாணவி, மூதூர்

பிழையாகப் போட்டால் உன் வாக்கு எண்ணப்படாது மகள். ஜனாதிபதித் தேர்தலில் 3,00,300 வாக்குகள் நிராகரிக்கப்பட்டன. வெயிலில் நடந்து வந்து, விரலில் மை பூசி, பெட்டியில் போட்ட மூன்று லட்சம் சீட்டுகள். வாக்கெண்ணும் மேசையில் அப்படியான சீட்டை ஒதுக்கி வைக்கும்போது எனக்குக் கை கூசும். ஒரு சீட்டில் அழகான எழுத்தில் தன் ஊர்ப் பிரச்சினையை எழுதியிருந்தார் ஒருவர். எழுதியதாலேயே அது செல்லாமல் போனது.

பாராளுமன்றத் தேர்தலில் செய்ய வேண்டியது இவ்வளவுதான். ஒரேயொரு கட்சிக்கு அல்லது சுயேச்சைக் குழுவுக்கு நேரே ஒரு புள்ளடி (X). பிறகு கீழே உள்ள வேட்பாளர் இலக்கங்களில், நீ புள்ளடி போட்ட பட்டியலில் உனக்குப் பிடித்தவர்களின் இலக்கங்களுக்குப் புள்ளடி. மூன்றுக்கு மேல் கூடாது. ஒன்றோ இரண்டோ போட்டாலும் சரி, போடாமல் விட்டாலும் சரி. கட்சிக்குப் போடாமல் இலக்கத்துக்கு மட்டும் போட்டால் வாக்கு செல்லாது. இரண்டு கட்சிக்குப் போட்டாலும் செல்லாது. பெயர், கையெழுத்து, வேறு எந்த எழுத்தும் வேண்டாம்.

நம் திருகோணமலை மாவட்டத்துக்கு நான்கு ஆசனங்கள். மாவட்டத்தில் முதலிடம் பெறுகிற பட்டியலுக்கு ஒன்று போனசாகப் போகும். 5 வீதத்துக்குக் குறைவாக எடுத்த பட்டியல்களைத் தள்ளிவிட்டு, மிச்ச வாக்குகளை வைத்து மற்ற மூன்றையும் பங்கிடுவார்கள். ஐந்து வீதத்தைத் தாண்டாத சின்னச் சின்னப் பட்டியல்களுக்குச் சிதறுகிற வாக்குகள் பங்கீட்டுக் கணக்குக்கே வராது. யாருக்குப் போடு என்று நான் சொல்ல மாட்டேன். இந்தக் கணக்கைத் தெரிந்துகொண்டு போடு.

இன்னொன்று. செப்டெம்பர் ஜனாதிபதித் தேர்தலில் (அங்கே வேட்பாளர்களுக்கு 1, 2, 3 என்று விருப்பு வரிசை போடலாம்) யாருக்கும் பாதிக்கு மேல் கிடைக்கவில்லை. அநுர 42.31 வீதம், சஜித் பிரேமதாச 32.76 வீதம். நாட்டின் வரலாற்றில் முதல் தடவையாக இரண்டாம் விருப்பை எண்ணினார்கள். மற்ற வேட்பாளர்களுக்குப் போட்டவர்கள் 33 லட்சம் பேருக்கு மேல். அவர்களின் சீட்டுகளிலிருந்து முதல் இருவருக்கும் போய்ச் சேர்ந்தது 2,73,000 வாக்குகள் அளவில்தான். மிச்சப் பேர் முதல் இருவருக்கும் 2, 3 என்று போடவேயில்லை. தமிழ்ப் பொது வேட்பாளராகச் சங்குச் சின்னத்தில் நின்ற அரியநேத்திரனுக்கு வாக்களித்த நம் ஆட்களில் பலரும் அப்படித்தான் விட்டார்கள் என்று என்னோடு பேசியவர்கள் சொன்னார்கள். வேண்டுமென்றே விட்டால் அது அவர்கள் உரிமை. தெரியாமல் விட்டிருந்தால் சொல்லிக்கொடுக்காத எங்கள் தவறு. அதனால்தான் இவ்வளவு நீளமாக எழுதுகிறேன்.

லண்டன் லோர்ட்ஸ் மைதானத்தில் டெஸ்ட் சம்பியன்ஷிப் இறுதி ஆட நம் அணிக்கு வாய்ப்பு இருக்கிறதா டீச்சர்?
— ஒன்பதாம் வகுப்பு, பாலையூற்று

2024 ஒக்டோபரில் இருந்தது. அப்போது மூன்றாம் இடம். ஒரு வெற்றிக்கு 12 புள்ளி, ஒன்பது டெஸ்டில் 108க்கு 60 புள்ளி, 55.56 வீதம். இன்னும் தென்னாபிரிக்காவில் இரண்டு, இங்கே அவுஸ்திரேலியாவோடு இரண்டு மிச்சம் இருந்தன. மூன்றை வென்றிருந்தால் 156க்கு 96, அதாவது 61.5 வீதம். நான்கையும் வென்றிருந்தால் 69. தென்னாபிரிக்க ஆடுகளங்கள் நமக்குக் கஷ்டம். ஆனால் ஓவலில் இங்கிலாந்தை வென்ற அணி இது, கமிந்து மெண்டிஸ் 13 இன்னிங்ஸில் ஆயிரம் ஓட்டங்களைத் தொட்டிருக்கிறார். நான் நம்பினேன்.

மகளிர் அணி 2024 ரி20 உலகக் கிண்ணத்தில் நான்கு ஆட்டத்திலும் தோற்றது என்று நீ கடிதத்தின் கீழே திட்டியிருக்கிறாய். அந்த வருடம் ஜூலையில் தம்புள்ளையில் இந்தியாவை வென்று ஆசியக் கிண்ணத்தைத் தூக்கியதும் சமரி அத்தபத்துவின் இந்த அணிதான். அதையும் ஞாபகம் வைத்துக்கொள்.

மகளுக்கு 15 வயது, வலைப்பந்தில் கெட்டிக்காரி. விளையாட்டு சோறு போடுமா, ஓ.எல். (சாதாரண தரப் பரீட்சை) முடித்ததும் வெளிநாட்டுக்கு அனுப்பு என்று வீட்டில் சொல்கிறார்கள். என்ன செய்ய?
— தாய், அன்புவழிபுரம்

அக்கா, உங்கள் வீட்டார் பொய் சொல்லவில்லை. 2022 பேர்மிங்ஹாம் பொதுநலவாய விளையாட்டுப் போட்டிக்குப் போன நம் நாட்டுக் குழுவிலிருந்து பத்துப் பேர் திரும்பி வராமல் அங்கேயே மறைந்தார்கள். அவர்களைத் துரோகி என்று திட்டிய ஆட்கள் உண்டு. நான் திட்ட மாட்டேன். தேசிய அணிச் சட்டை போட்ட பிள்ளைக்கே வீட்டில் அரிசி இல்லாத காலம் அது. அதே போட்டியில் 100 மீற்றரில் வெண்கலம் வென்ற யுபுன் அபேகோன் பயிற்சி எடுத்ததும் இத்தாலியில்தான்.

அந்த வருடம் நான் இன்னும் சேவையில் இருந்தேன். என் அணி மாகாணப் போட்டிக்குத் தெரிவானது. பஸ்ஸுக்கு டீசல் இல்லை. பதினொரு பிள்ளைகளும் சீருடையோடு காலை ஐந்து மணியிலிருந்து பாடசாலை வாசலில் இருந்தார்கள், பத்து மணிக்கு வீட்டுக்கு அனுப்பினேன். என் பணிக்காலத்தில் எனக்கு மிகவும் வலித்த நாள் அது. இரண்டு மாதம் கழித்து, செப்டெம்பர் 11இல், நம் ஆட்கள் டுபாயில் பாகிஸ்தானை வென்று ஆசியக் கிண்ணம் எடுத்தார்கள். இலங்கையில் நடக்க வேண்டிய போட்டி, நெருக்கடியால்தான் அங்கே போனது. அதே நாள் சிங்கப்பூரில் வலைப்பந்து அணி 63க்கு 53 என்று சிங்கப்பூரை வென்று ஆசியச் சம்பியன் ஆனது. அந்த அணியின் தூண் யாழ்ப்பாணத்துப் பிள்ளை தர்ஜினி சிவலிங்கம். அவுஸ்திரேலியாவின் கொலிங்வுட் கழகத்துக்கே ஆடியவர். அன்று மாலை என் அணிப் பிள்ளைகள் ஐந்து பேர் என் வீட்டு முற்றத்தில் வந்து நின்று அழுதார்கள், சந்தோஷத்தில்.

சோறு போடுமா என்ற கேள்விக்கு நேரான பதில்: எல்லாருக்கும் போடாது, தர்ஜினி ஒருவர்தான். ஆனால் ஓ.எல்.லில் சுகாதாரமும் உடற்கல்வியும் பாடத்தை நன்றாக எடுத்தால், ஏ.எல். (உயர்தரம்) முடித்துக் கல்வியியற் கல்லூரியில் உடற்கல்வி படித்து ஆசிரியையாக வரலாம். நான் அப்படித்தான் வாழ்ந்தேன். அதனால் 16 வயதில் எங்கேயும் அனுப்பாதீர்கள், ஏ.எல். வரை விடுங்கள். சாப்பாட்டில் ஒரு நாளைக்கு ஒரு முட்டை, முட்டை விலை ஏறினால் சூடை மீன் அல்லது பயறு. சப்பாத்து இல்லாவிட்டால் பரவாயில்லை, மணலில் வெறுங்காலோடு ஓடலாம். சனிக்கிழமை காலை ஆறு மணிக்குக் கடற்கரையில் ஏழெட்டுப் பிள்ளைகளோடு நிற்பேன். கூட்டி வாருங்கள், ஒரு போத்தல் தண்ணீர் மட்டும் கொடுத்துவிடுங்கள்.