ப்ரவுன்அவுட் இரவுக்கு சுங்கா

மணிலாவில் ப்ரவுன்அவுட், அதாவது கரண்ட் போனதும் ஆறு வயதும் பத்து வயதும் போனைக் கேட்டு அழுகிறார்கள், வீட்டில் ஃபிலிப்பினோ மாமியார் இருக்கிறார் என்று எழுதியிருந்தீர்கள். சகோ, முதலில் மாமியாரிடம் சுங்கா பலகை இருக்கிறதா என்று கேளுங்கள். நம் பல்லாங்குழிக்கு உறவுக்காரன்தான், பக்கத்துக்கு 7 குழி, குழிக்கு 7 சோழி, ஆனால் இரண்டு முனையிலும் ஆளுக்கொரு பெரிய குழி உண்டு, கடைசிச் சோழி உங்கள் பெரிய குழியில் விழுந்தால் மறுபடி நீங்களே ஆடலாம். முதல் சுற்றை இருவரும் ஒரே நேரத்தில் தொடங்குவார்கள், அந்தக் கலவரத்திலேயே போன் மறந்துவிடும். பலகை இல்லையா? முட்டை அட்டையும் புளியங்கொட்டையும் போதும்.

சின்னவனுக்கு பிதிக் புலாக். ஒருவர் கையால் கண்ணை மூடிக்கொள்ள, மற்றவர் அந்தக் கையில் சுண்டிவிட்டு விரல்களைக் காட்டுவார், மூடியிருப்பவரும் அதே நேரத்தில் விரல் காட்ட வேண்டும், எண்ணிக்கை பொருந்தினால் இடம் மாறலாம். மெதுவாகச் சுண்டச் சொல்லுங்கள், என் மருமகன் ஒருமுறை அழுதேவிட்டான்.

அப்புறம் புக்தோங், அதாவது விடுகதை. 'எனக்கொரு நண்பன், எங்கே போனாலும் கூடவே வருவான்', விடை நிழல். மெழுகுவர்த்தி வெளிச்சத்தில் கேட்டுப் பாருங்கள், பத்து வயது சுவரைப் பார்த்தே சொல்லிவிடும்.