பிளஸ் 2 வரை தெளிவாக இருந்த மகன், கல்லூரி 2ஆம் ஆண்டில் "எனக்கு என்ன வேணும்னே தெரியல" என்கிறான். உளவியலாளர் எரிக்சன் சொல்லும் வளர்ச்சி நிலையில் பின்தங்கிவிட்டானா?

நீங்கள் எழுதியிருப்பதை வைத்துப் பார்த்தால், பின்தங்கவில்லை. அந்த நிலைக்குள் இப்போதுதான் நுழைகிறான்.

எரிக் எரிக்சன் 1950இல் பிறப்பு முதல் முதுமை வரை எட்டு நிலைகளை வகுத்தார். பி.எட். பாடத்தில் முதல் நிலையை "நம்பிக்கை எதிர் அவநம்பிக்கை" என்று மனப்பாடம் செய்வதால் பலர் இதைத் தேர்ச்சி, தோல்வி என்று எடுத்துக்கொள்கிறார்கள். எரிக்சன் பார்த்தது இரண்டும் எந்த அளவில் கலந்திருக்கின்றன என்பதை. அவநம்பிக்கை துளியும் இல்லாத குழந்தை, யார் கை நீட்டினாலும் போய்விடும் அல்லவா?

உங்கள் மகனுக்குரியது ஐந்தாவது நிலை: "நான் யார்?" புத்தகத்தில் 12 முதல் 18 வயது என்று இருக்கும்; படிப்பு நீள நீள இதுவும் இருபதுகளுக்குள் நீள்கிறது. உளவியலாளர் ஜேம்ஸ் மார்சியா 1966இல் இந்த நிலையை இரண்டு கேள்விகளால் அளந்தார். வேறு வழிகளைத் தேடிப் பார்த்தாரா? ஒன்றை உறுதியாகப் பற்றிக்கொண்டாரா? தேடாமலே பற்றிக்கொள்வதும் உண்டு. வீட்டில் சொன்னதையே தன் ஆசையாக எடுத்துக்கொண்ட பிள்ளை பிளஸ் 2வில் மிகத் தெளிவாகத்தான் தெரிவான். அந்தத் தெளிவு இரவல். அது உடைந்து தேடல் தொடங்குவது வளர்ச்சி. எரிக்சனே பள்ளி முடித்தபின் ஓவியராக ஐரோப்பாவில் சில ஆண்டுகள் அலைந்தவர். 1927இல் வியன்னாவுக்கு ஒரு சிறு பள்ளியில் கற்பிக்கப் போன பிறகுதான் அவருக்குப் பாதை பிடிபட்டது.

முதலில், பிடிக்காதது எது என்று பிரித்துக் கேளுங்கள். பாடமா, விடுதியா, அரியரா, ஆங்கிலமா? தமிழ்வழியில் முதல் மாணவனாக இருந்தவன் ஆங்கில வகுப்பில் வாயடைத்து உட்கார்ந்தால், 6 முதல் 12 வயதுக்குரிய "என்னால் முடியுமா" என்ற தாழ்வுணர்வு திரும்ப வரும். பழைய நிலைகளின் போராட்டங்களை இந்த வயதில் மறுபடி போராட வேண்டியிருக்கும் என்று எரிக்சனே சொல்கிறார். அப்படியானால் மாற வேண்டியது படிப்பல்ல. தேவை மொழிப் பயிற்சி.

பாடமேதான் பிடிக்கவில்லை என்றால், விடுமுறையில் நான்கைந்து வாரம் அவன் விரும்பும் துறையில் வேலை பார்க்கட்டும். அதே துறையில் இருக்கும் இரண்டு பேரிடம் பேசட்டும். அடுத்த செமஸ்டர் கட்டணம் கட்டும் தேதிக்கு முன் மறுபடி பேசுவது என்று நாள் குறியுங்கள். கெடு இல்லாத தேடல் மிதப்பாகிவிடும். "பெரியப்பா பையனைப் பாரு" என்று மட்டும் சொல்லாதீர்கள். அவன் பேச்சை நிறுத்திவிடுவான்.

ஒன்றை மட்டும் கவனியுங்கள். தேடுகிற பிள்ளை குழம்புவான், வாதிடுவான், எதையாவது முயல்வான். எதிலுமே நாட்டமில்லாமல், தூக்கமும் பசியும் மாறி, இரண்டு வாரத்துக்கு மேல் சோர்ந்து கிடந்தால் மனநல மருத்துவரிடம் அழைத்துப் போங்கள். சாவைப் பற்றிப் பேசினால் அந்த இரண்டு வாரம்கூடக் காத்திருக்காதீர்கள், அன்றே போங்கள். அரசின் மனநல உதவிச் சேவையான டெலி மானஸ் எண் 14416, எந்த நேரமும் அழைக்கலாம்.