மலைமேல் குடல் முறுக்கினால்

அன்புள்ள ஐயா,

தென் அமெரிக்காவில் ஆண்டிஸ் மலைமேல் இருக்கும் டிட்டிகாக்கா ஏரிக்கரை மக்களைப் பற்றி நீங்கள் எழுதியதைப் படித்தேன். நான் அறுவை சிகிச்சைப் பிரிவில் பயிற்சி மருத்துவராக இருக்கிறேன். அவ்வளவு உயரத்தில் மூச்சுத்திணறலும் தலைவலியும்தானே பெரிய நோய்? சர்ஜனுக்கு அங்கே என்ன வேலை? வருடத்துக்கு ஒரு முகாம் நடத்தினால் போதாதா?

வாசகி, மதுரை

அன்புள்ள டாக்டர்,

நீங்கள் சொல்லும் மூச்சுத்திணறல் பெரும்பாலும் கீழேயிருந்து ஏறிப் போகிறவர்களுக்கு வருவது. அங்கேயே பிறந்து வளர்ந்தவர்களில் சிலருக்கு ரத்தம் கெட்டியாகி நாள்பட்ட மலைநோய் வருவதுண்டு. ஆனால் பெரு, பொலிவியா மலைநாட்டு மருத்துவமனைகளில் அவசரமாக வந்து சேரும் வயிறுகளைப் பார்த்தால், குடல் அடைப்புக்கு முதல் காரணமாக நிற்பது சிக்மாய்டு முறுக்கம்தான். பெருங்குடலின் கடைசி வளைவு தன்னையே சுற்றிக்கொள்கிறது.

ஏன் அங்கே அதிகம்? உருளைக்கிழங்கு, பார்லி, கீன்வா தானியம் என்று நார் மிகுந்த சாப்பாடு. அந்த மக்களுக்குக் குடல் வளைவு நீளமாகவும் அகன்றும் இருக்கிறது, அதன் அடிப்பகுதியோ தழும்பேறிச் சுருங்கியிருக்கிறது. டிட்டிகாக்கா 3,812 மீட்டர் உயரத்தில் இருப்பதால், அங்கே காற்றழுத்தம் கடல் மட்டத்தில் இருப்பதில் மூன்றில் இரண்டு பங்குகூட இல்லை. அதனால் குடலுக்குள் இருக்கும் வாயு விரிகிறது, இதுவும் ஒரு காரணம் என்று பல மருத்துவர்கள் கருதுகிறார்கள்.

சீக்கிரம் வந்தால் ஆசனவாய் வழியாகக் குழாய் விட்டே முறுக்கைப் பிரித்துவிடலாம், அப்புறம் நிதானமாக அறுவை செய்யலாம். தாமதமானால் குடல் கறுத்து அழுகிவிடும். அதை வெட்டியெடுத்து, மலம் வயிற்றின் வழியே வெளியேற வழிசெய்ய வேண்டும். மலம் சேரும் பையை வயிற்றில் கட்டிக்கொண்டு அந்த நோயாளி எப்படி ஆடு மேய்க்கப் போவார்? குடல் முறுக்கம் முகாம் தேதிக்காகக் காத்திருக்காது. குடலிறக்கத்துக்கும் பித்தப்பைக் கல்லுக்கும் முகாம் உதவும், மறுக்கவில்லை.

இன்னொன்று ஹைடாட்டிட் கட்டி. ஆட்டை அறுத்துக் கட்டி விழுந்த ஈரலை நாய்க்குப் போடுகிறார்கள். நாயின் குடலில் நாடாப்புழு வளர்கிறது, அதன் முட்டை மனிதர் வாய்க்குள் போகிறது. வருடக்கணக்கில் ஈரலிலோ நுரையீரலிலோ மெல்ல வளரும் நீர்க்கட்டி அது. அறுவையின்போது சுற்றிலும் உப்புநீரில் நனைத்த துணி வைத்து மூடுவார்கள். உள்ளிருக்கும் நீர் சிந்தினால் கடும் ஒவ்வாமை அதிர்ச்சி வரலாம், சிந்திய இடத்தில் புதுக் கட்டிகளும் முளைக்கலாம். இத்தனை ஆபத்தான அறுவையை, நாய்க்குப் புழு மருந்து கொடுத்தும் பச்சை ஈரலைப் போடாமல் நிறுத்தியும் தவிர்த்திருக்க முடியும் என்பதுதான் எனக்கு ஆறவில்லை. ஐஸ்லாந்து அப்படித்தான் இந்த நோயை ஒழித்தது.

2015-இல் லான்செட் மருத்துவ இதழ் அமைத்த ஆணையம், அறுவை வசதிக்கு மூன்று சிகிச்சைகளை அளவுகோலாக வைத்தது: சிசேரியன், வயிற்றைத் திறந்து செய்யும் அறுவை, திறந்த எலும்புமுறிவுக்கான சிகிச்சை. 2030-க்குள் ஒவ்வொரு நாட்டிலும் குறைந்தது 80 சதவீதம் பேருக்காவது இவை இரண்டு மணி நேரத் தொலைவுக்குள் கிடைக்க வேண்டும் என்றது. மலையில் அதற்கு வழி, அங்கேயே தங்கும் ஆட்கள்தான். நேபாளத்தில் 3,840 மீட்டர் உயரத்தில் எட்மண்ட் ஹிலாரி 1966-இல் தொடங்கிய குந்தே மருத்துவமனை சிறியது. அங்கே சுகாதார உதவியாளராக இருந்த காமி டெம்பா ஷெர்பா, பிஜியில் மருத்துவம் படித்துத் திரும்பி அதே மருத்துவமனைக்கு டாக்டரானார். தங்கள் மொழி பேசும் டாக்டரிடம் நோயாளி வலி தொடங்கியதுமே வருவார். வயிற்று நோயில் அந்தச் சில மணி நேரம்தான் எல்லாம்.

நம் நாட்டிலும் லடாக்கின் சான்ஸ்கரில் குளிர்காலத்தில் பனி மலைக்கணவாய்களை அடைத்துவிடும். இப்படிப்பட்ட இடத்துக்குப் போகும் எண்ணம் இருந்தால், ஒரு குளிர்காலம் முழுக்கத் தங்குவதுபோலப் போங்கள். அதற்கு முன் மயக்கவியல் பிரிவில் சில மாதம் வேலை செய்யுங்கள். உயரத்தில் நைட்ரஸ் ஆக்சைடு என்ற மயக்க வாயுவின் வீரியம் குறைந்துவிடும், கெட்டமைன் என்ற மயக்க ஊசியும் முதுகுத்தண்டில் போடும் மரத்துப்போக வைக்கும் ஊசியும் கைக்குப் பழகியிருக்க வேண்டும். அங்குள்ள செவிலியர் ஒருவருக்கும் அவற்றில் துணை நிற்கக் கற்றுக்கொடுத்துவிட்டு வாருங்கள்.