புத்தகத்தை மூடி வைத்துப் படியுங்கள்: முதலாண்டு நர்சிங் மாணவிக்கு ஒரு பதில்

கேள்வி: அம்மா, வணக்கம். அரசுப் பள்ளியில் தமிழ்வழியில் பிளஸ் டூ முடித்துவிட்டு, வெளியூரில் ஒரு கல்லூரியில் பி.எஸ்சி. நர்சிங் படிக்கிறேன். இப்போது இரண்டாம் பருவம். முதல் பருவத்தில் அனாடமி, பிசியாலஜி தாளில் அரியர் விழுந்துவிட்டது. காலை ஏழரை மணிக்கு வார்டுக்குப் போனால் ஒரு மணி வரை நின்றுகொண்டே இருக்க வேண்டும். மதியம் வகுப்பு. இரவு இரண்டு மணி வரை விழித்துப் படிக்கிறேன். நான்கு முறை படித்த பாடம்கூடத் தேர்வு அறையில் நினைவுக்கு வருவதில்லை. மருத்துவச் சொற்கள் எல்லாம் ஒன்றுபோலவே தெரிகின்றன. அரியர் தேர்வுக்கு ஆறு வாரம்தான் இருக்கிறது. இந்தப் படிப்பு எனக்கு வருமா, விட்டுவிடலாமா என்று குழப்பமாக இருக்கிறது. எப்படிப் படிக்க வேண்டும் என்று சொல்லுங்கள்.

பதில்: விட்டுவிடாதீர்கள். உங்கள் கடிதத்திலேயே பிசகு எங்கே என்று தெரிகிறது. அது சரிசெய்யக்கூடிய பிசகு.

நான்கு முறை படித்ததாக எழுதியிருக்கிறீர்கள். படித்ததைப் புத்தகத்தை மூடிவிட்டு எத்தனை முறை எழுதிப் பார்த்தீர்கள் என்று எழுதவில்லை. அநேகமாக ஒரு முறைகூட இருக்காது. நர்சிங் ஆசிரியராக இருபது ஆண்டுகளுக்கும் மேலாக மாணவிகளைப் பார்த்து வருகிறேன். அரியரோடு வரும் பிள்ளைகளில் சோம்பேறிகள் மிகக் குறைவு. பெரும்பாலானவர்கள் உங்களைப் போல இரவெல்லாம் கண்விழித்து, வரிக்கு வரி மஞ்சள் வண்ணம் பூசி, திரும்பத் திரும்ப வாசிப்பவர்கள்தான். மூன்றாம் முறை வாசிக்கும்போது பக்கம் பழகிவிடுகிறது. பழகியதைத் தெரிந்ததாக மனம் எடுத்துக்கொள்கிறது. தேர்வு அறையில் பக்கம் கண்முன் இருக்காது, வெறும் கேள்விதான் இருக்கும். அங்கே தேவைப்படுவது உள்ளே இருப்பதை வெளியே எடுக்கும் பழக்கம். அதை நீங்கள் ஒருநாளும் பழகவில்லை.

2006-ல் ஹென்றி ரோடிகர், ஜெஃப்ரி கார்பிக்கே என்ற இரண்டு அமெரிக்க உளவியலாளர்கள் இதைச் சோதித்தார்கள். ஒரு பகுதியைக் கொடுத்து, சில மாணவர்களை மறுபடி படிக்கச் சொன்னார்கள். சிலரை, பார்க்காமல் நினைவிலிருந்து எழுதச் சொன்னார்கள். ஐந்து நிமிடம் கழித்துத் தேர்வு வைத்தபோது மறுபடி படித்தவர்கள் முந்தினார்கள். ஒரு வாரம் கழித்து வைத்தபோது, எழுதிப் பார்த்தவர்கள் அவர்களைவிட நன்றாக எழுதினார்கள். இரவு இரண்டு மணிக்கு எல்லாம் தெரிந்ததுபோல இருந்து, தேர்வு நாளில் கைவிட்டுப் போகிறதே, அதன் காரணம் இதுதான்.

ஆகவே இதயத்திலிருந்து தொடங்குங்கள். அந்தப் பாடத்தை ஒரு முறை நிதானமாகப் படியுங்கள். புத்தகத்தை மூடுங்கள். ஒரு வெள்ளைத் தாளில் படம் வரையுங்கள். அழகாக வரத் தேவையில்லை, நான்கு கட்டம் போதும். ரத்தம் போகும் வழியை அம்புக்குறி போட்டு வாய்விட்டுச் சொல்லுங்கள்: மேல் கீழ்ப் பெருஞ்சிரைகள், வலது ஏட்ரியம், மூவிதழ் வால்வு, வலது வெண்ட்ரிக்கிள், நுரையீரல் தமனி, நுரையீரல், நுரையீரல் சிரைகள், இடது ஏட்ரியம், ஈரிதழ் வால்வு, இடது வெண்ட்ரிக்கிள், பெருந்தமனி. பள்ளியில் ஆரிக்கிள் என்று படித்தீர்களே, அதுதான் இங்கே ஏட்ரியம். எங்கே தடுமாறினீர்களோ அந்த இடத்தில் மட்டும் சிவப்பு மையால் புள்ளி வைத்து, புத்தகத்தைத் திறந்து பாருங்கள். நாளை அதே படத்தை மறுபடி வெறும் தாளில் வரையுங்கள். பிறகு மூன்று நாள் கழித்து, ஒரு வாரம் கழித்து, மூன்று வாரம் கழித்து. ஒவ்வொரு முறையும் பத்து நிமிடம்தான் ஆகும். முதல் இரண்டு முறை கசப்பாக இருக்கும், ஒன்றுமே தெரியவில்லையே என்று அழுகை வரும். அந்தத் திணறல்தான் பாடம் மனதில் ஊன்றும் நேரம். அதைப் பார்த்துப் பயந்து புத்தகத்தைத் திறந்துவிடாதீர்கள்.

இனி வார்டு. ஐந்தரை மணி நேரம் படிப்பிலிருந்து பறிபோவதாக நினைக்கிறீர்கள். எனக்கு இதில் உங்களோடு உடன்பாடு இல்லை. உங்கள் பாடப் புத்தகங்கள் எல்லாம் அங்கே கட்டிலில் படுத்திருக்கின்றன.

நான் மாணவியாக இருந்தபோது பொது மருத்துவ வார்டில் ஒரு முதியவர் இருந்தார். இதயம் பலவீனமாகி மூச்சு வாங்கிக்கொண்டிருந்தது. இரண்டு கால்களும் வீங்கியிருந்தன. படுக்க முடியாமல் இரவெல்லாம் உட்கார்ந்தே இருப்பார். வார்டு சிஸ்டர் என்னைக் கூப்பிட்டு, “இவரால் ஏன் படுக்க முடியவில்லை, சொல்” என்றார். இதயம் பற்றி மூன்று நிற மையில் நான் எழுதி வைத்திருந்த குறிப்பேடு பையில்தான் இருந்தது. பதில் வரவில்லை. சிஸ்டரே சொல்லிக்கொடுத்தார். இடது பக்கம் ரத்தத்தை முன்னே தள்ள முடியாமல் திணறினால் அது பின்னால் நுரையீரலில் தேங்குகிறது, அதனால் மூச்சுத் திணறல். படுத்தால் கால்களில் இருக்கும் ரத்தமும் மேலே ஏறி வந்து திணறல் கூடுகிறது, அதனால்தான் தலைப்பக்கத்தை உயர்த்தி வைக்கிறோம். வலது பக்கம் தளர்ந்தால் உடம்பிலிருந்து திரும்பி வரும் ரத்தம் தேங்குகிறது, அதனால் கால் வீக்கம். ஐந்து நிமிடம் பேசியிருப்பார். இத்தனை ஆண்டுகளில் அது எனக்கு மறக்கவில்லை.

அதே நோயாளியை இன்னும் கொஞ்சம் தொடர்ந்து பாருங்கள். அவருக்கு ஃபுரோசமைட் கொடுப்பார்கள். வார்டில் லேசிக்ஸ் என்றுதான் சொல்வார்கள். அது சிறுநீரை அதிகமாக வெளியேற்றி வீக்கத்தைக் குறைக்கிறது; சிறுநீரோடு பொட்டாசியமும் போய்விடுகிறது. அதனால்தான் ரத்தத்தில் பொட்டாசியம் அளவைப் பார்க்கச் சொல்கிறார்கள். வழக்கமான அளவு லிட்டருக்கு 3.5 முதல் 5 மில்லி ஈக்விவலன்ட். குறைந்தால் தசை சோரும், இதயத்துடிப்பு சீர் கெடும். டிகாக்சின் என்ற இதய மருந்தும் சேர்த்து எடுப்பவராக இருந்தால் அந்த மருந்து நஞ்சாகும் ஆபத்து கூடும். மாத்திரையைக் காலையில் கொடுப்பது, இரவில் அடிக்கடி எழுந்து போய் விழுந்துவிடக் கூடாது என்பதற்காக. தினமும் எடை பார்ப்பதும், குடித்த நீரையும் கழித்த சிறுநீரையும் அளந்து எழுதுவதும் மருந்து வேலை செய்கிறதா என்று அறிவதற்காக. பொட்டாசியம் போகிறதே, இளநீர் குடிக்கச் சொல்லலாமா என்று அவர் மனைவி கேட்பார். சிறுநீரகம் கெட்டவருக்கு இளநீர் உயிருக்கே ஆபத்தாகலாம். ஆகவே மருத்துவரைக் கேட்காமல் தலையாட்டக் கூடாது. பாருங்கள், ஒரே கட்டிலில் அனாடமி, பிசியாலஜி, உயிர்வேதியியல், ஊட்டச்சத்தியல், நர்சிங் அடிப்படை என எல்லாம் வந்துவிட்டன. அடுத்த பருவத்து மருந்தியலும் எட்டிப் பார்த்துவிட்டது.

ஒரு நாளைக்கு ஒரு நோயாளி போதும். சட்டைப் பைக்குள் அடங்கும் ஒரு சிறு நோட்டில் நோயின் பெயர், இரண்டு அறிகுறி, ஒரு மருந்து, உங்களுக்கு எழுந்த ஒரு ‘ஏன்’ ஆகியவற்றைக் குறித்துக்கொள்ளுங்கள். அந்த ‘ஏன்’ தான் அன்று மாலை நீங்கள் புத்தகத்தில் தேட வேண்டியது. நோயாளியின் பெயர், ஐ.பி. எண் (உள்நோயாளி எண்), கட்டில் எண் எதுவும் அந்த நோட்டில் இருக்கக் கூடாது. கேஸ் ஷீட்டைக் கைபேசியில் படம் எடுக்கவே கூடாது. நோட்டு பஸ்ஸில் தவறி விழுந்தாலும் ஒருவருடைய அந்தரங்கம் தெருவுக்கு வரக் கூடாது, அதற்காகத்தான் சொல்கிறேன்.

செயல்முறைகளையும் இப்படியே படியுங்கள். ரத்த அழுத்தம் பார்க்கும் வரிசையை மனப்பாடம் செய்வதைவிட, ஒவ்வொரு படியிலும் காரணத்தைச் சொல்லிக்கொண்டே செய்து பழகுங்கள். கை ஏன் இதயத்தின் மட்டத்தில் இருக்க வேண்டும்? கையில் சுற்றும் பட்டை சிறியதாக இருந்தால் அளவு ஏன் கூடுதலாகக் காட்டும்? குழாய் வழியே சிறுநீர் சேரும் பிளாஸ்டிக் பையை, உடலுக்குள் இருக்கும் சிறுநீர்ப்பையின் மட்டத்துக்குக் கீழே ஏன் தொங்கவிடுகிறோம்? வைவா என்ற வாய்மொழித் தேர்வில் வெளித் தேர்வாளர் கேட்பதும் இதைத்தான்.

மருத்துவச் சொற்கள் ஒன்றுபோலத் தெரிவது தமிழ்வழிப் பிள்ளைகளுக்கு மட்டும் உள்ள சிக்கல் அல்ல. அவற்றில் பெரும்பாலானவை கிரேக்க, லத்தீன் வேர்கள். ஆங்கிலவழி மாணவிக்கும் அவை புதியவைதான். வேரைப் பிடித்துவிட்டால் சொல் பிரிந்து கொடுக்கும். ‘டாக்கி’ வேகம், ‘பிராடி’ மந்தம், ‘கார்டியா’ இதயத்தைக் குறிப்பது. டாக்கிகார்டியா, பிராடிகார்டியா இரண்டும் புரிந்துவிட்டன. ‘ஹைப்பர்’ கூடுதல், ‘ஹைப்போ’ குறைவு. ‘ஐட்டிஸ்’ என்று முடிந்தால் அழற்சி, ‘எக்டமி’ என்று முடிந்தால் வெட்டி எடுப்பது, ‘ஆஸ்டமி’ என்றால் உறுப்பிலிருந்து வெளியே ஒரு திறப்பு அமைப்பது. ‘நெஃப்ரோ’ சிறுநீரகம். இப்போது நெஃப்ரைட்டிஸ், நெஃப்ரெக்டமி, நெஃப்ராஸ்டமி மூன்றையும் நீங்களே பிரித்துச் சொல்லிவிடுவீர்கள். வாரத்துக்குப் பத்து வேர் போதும். பழைய மாத காலண்டர் தாளைச் சிறு அட்டைகளாக நறுக்கி, ஒரு பக்கம் வேரையும் மறுபக்கம் பொருளையும் எழுதி, மெஸ் வரிசையில் நிற்கும்போது புரட்டுங்கள். எழுத்துக்கூட்டலில் மட்டும் கவனம் வேண்டும். சிறுகுடலின் கடைசிப் பகுதியும் இடுப்பெலும்பும் தமிழில் எழுதினால் இரண்டும் இலியம்தான். ஆங்கிலத்தில் குடலுக்கு நடுவில் ‘ஈ’ என்ற எழுத்து, எலும்புக்கு ‘ஐ’. தேர்வில் அந்த ஓர் எழுத்து பொருளையே மாற்றிவிடும்.

தமிழில் புரிந்துகொள்ளுங்கள், ஆங்கிலத்தில் சிறு சிறு வாக்கியங்களாக எழுதிப் பழகுங்கள். அறைத் தோழிகள் இரண்டு பேரைச் சேர்த்துக்கொண்டு, ஆளுக்கொரு தலைப்பை எடுத்து, நோயாளியின் அம்மாவுக்கு விளக்குவதுபோல எளிய தமிழில் விளக்குங்கள். இன்சுலின் போட்ட பிறகு ஏன் சாப்பாட்டைத் தள்ளிப்போடக் கூடாது என்பதை, பள்ளிக்கூடம் போகாத ஒரு பாட்டிக்குப் புரியும்படி சொல்ல முடிந்தால் அந்தப் பாடம் உங்களுக்கு வந்துவிட்டது. நம் ஊர் வார்டில் அந்தத் திறமைக்கு இருக்கும் மதிப்பு உங்களுக்குப் போகப் போகத் தெரியும்.

மருந்து அளவுக் கணக்கைத் தினமும் தொடுங்கள். 500 மில்லி திரவம் 4 மணி நேரத்தில் இறங்க வேண்டும், டிரிப் செட்டில் மில்லிக்கு 20 சொட்டு என்றால், 500-ஐ 20-ஆல் பெருக்கி 240 நிமிடத்தால் வகுக்க வேண்டும். நிமிடத்துக்கு ஏறத்தாழ 42 சொட்டு. மைக்ரோ செட்டில் மில்லிக்கு 60 சொட்டு, ஆகவே மணிக்கு எத்தனை மில்லியோ நிமிடத்துக்கு அத்தனை சொட்டு. இரவு உணவுக்கு முன் மூன்று கணக்கு போடுங்கள். விடையை எழுதும்போது 0.5 என்று முன்னால் சுழியம் வையுங்கள். முழு எண்ணுக்குப் பின்னால் புள்ளியும் சுழியமும் வைக்காதீர்கள். அவசரத்தில் 1.0 என்பது 10 என்று படிக்கப்பட்டால் ஒரு குழந்தைக்குப் பத்து மடங்கு மருந்து போய்விடும்.

இரவு இரண்டு மணிப் படிப்பை இன்றோடு நிறுத்துங்கள். இதில் நான் விட்டுக்கொடுக்க மாட்டேன். படித்தது நினைவில் நிலைப்பதற்குத் தூக்கம் வேண்டும். நான்கு மணி நேரம் தூங்கிவிட்டுக் காலையில் மருந்துத் தட்டைத் தொடுவது நோயாளிக்கும் நல்லதல்ல. வகுப்பு முடிந்து வந்ததும் அரைமணி நேரம் படுத்து எழுந்து, ஆறு மணி முதல் உணவு வரை ஒரு பகுதி, உணவுக்குப் பின் ஒன்றரை மணி நேரம் இன்னொரு பகுதி. பத்தரைக்கு விளக்கை அணையுங்கள். கைபேசியைப் படிக்கும் நேரத்தில் தோழியிடம் கொடுத்துவிடுங்கள்.

2021-ல் இந்திய நர்சிங் கவுன்சில் பருவ முறையைக் கொண்டு வந்த பிறகு, ஆண்டுக் கடைசியில் மொத்தமாக உட்கார்ந்து படிக்கும் பழைய வழி உதவுவதில்லை. ஆறு மாதத்துக்குள் பாடம், வார்டு, இன்டர்னல் (கல்லூரியின் உள்தேர்வு), பல்கலைத் தேர்வு எல்லாம் வந்துபோய்விடுகின்றன. உங்களுக்கு அரியரும் சேர்ந்திருக்கிறது. ஆகவே மாலைப் பகுதி இந்தப் பருவப் பாடத்துக்கு, இரவுப் பகுதி அரியருக்கு. முதல் நான்கு வாரத்தில் வாரத்துக்கு இரண்டு உறுப்பு மண்டலங்கள் என்று எடுத்து, மேலே சொன்னபடி மூடிய புத்தகத்தோடு முடியுங்கள். ஐந்தாவது வாரம் பழைய வினாத்தாள்களை மட்டும் எடுத்து, கடிகாரம் வைத்து எழுதுங்கள். ஆறாவது வாரம் சிவப்புப் புள்ளி வைத்த இடங்களை மட்டும் பாருங்கள். புதிதாக எதையும் தொட வேண்டாம்.

இந்த வாரமே உங்கள் வகுப்பு ஆசிரியரைப் பார்த்து, இன்டர்னல் விடைத்தாளைக் காட்டச் சொல்லிக் கேளுங்கள். மதிப்பெண் எங்கே போனது என்று தெரியாமல் படிப்பது இருட்டில் நடப்பதுபோல. படம் வரையாததால் போயிருக்கலாம், கேட்டதை விட்டுவிட்டுத் தெரிந்ததை எழுதியதால் போயிருக்கலாம். ஆசிரியர்கள் திட்டுவார்கள் என்று பிள்ளைகள் ஒதுங்கிப் போகிறார்கள். தேடி வரும் மாணவியை நாங்கள் மறப்பதில்லை.

படிப்பை விட்டுவிடலாம் என்ற எண்ணத்தோடு தூக்கமின்மையும் அழுகையும் இரண்டு வாரத்துக்கு மேல் தொடர்ந்தால், அதைப் படிப்புச் சிக்கல் என்று தள்ளிவிடாமல் வீட்டில் சொல்லி மருத்துவரைப் பாருங்கள். மத்திய அரசின் மனநல உதவிச் சேவையான டெலி மானஸின் எண் 14416. கட்டணமில்லை, தமிழிலேயே பேசலாம்.

முதல் தாளை இன்றிரவே வரையுங்கள். பாதியில் நின்றாலும் கிழித்துவிடாமல் தேதி போட்டு வையுங்கள். மூன்றாவது வாரம் வரையும் படத்தை அதன் பக்கத்தில் வைத்துப் பார்க்க அது தேவைப்படும்.