ஒரு லட்ச ரூபாயில் கேமிங் பிசி: பிராசசருக்கு அதிகம் போடுவதா, கிராபிக்ஸ் கார்டுக்கா?

கேள்வி கேட்டவரிடம் ஒரு லட்ச ரூபாய் இருக்கிறது, மானிட்டருக்குத் தனியாகப் பணம் வைத்திருக்கிறார். இப்போது ஐ7 போட்டுவிட்டு, சின்ன கிராபிக்ஸ் கார்டை வைத்து ஓட்டி, அடுத்த வருடம் பெரிய கார்டு வாங்கிக்கொள்ளலாமா என்று கேட்கிறார். வேண்டாம். 2018இல் நான் இதையேதான் செய்தேன்.

மதுரையிலிருந்து பாண்டியன் எக்ஸ்பிரஸில் வந்து, எழும்பூரில் இறங்கி, கணினிக் கடைகள் நிறைந்த ரிச்சி ஸ்ட்ரீட்டில் கடை திறக்கும்வரை காத்திருந்து வாங்கியது ஐ7 8700 பிராசசர். கூடவே 2 ஜிபி ஜிடிஎக்ஸ் 1050 கிராபிக்ஸ் கார்டு. பிராசசர்தான் கணினியின் மூளை, அது பெரிதாக இருந்தால் மற்றதெல்லாம் தானாகச் சரியாகிவிடும் என்று நம்பினேன். 2019 நவம்பரில் ரெட் டெட் ரிடெம்ப்ஷன் 2 கேம் பிசிக்கு வந்தபோதுதான் உண்மை தெரிந்தது. செட்டிங்ஸ் எல்லாவற்றையும் அடிமட்டத்துக்கு இறக்கியும் குதிரை விட்டுவிட்டுத்தான் ஓடியது. டாஸ்க் மேனேஜரைத் திறந்தால் கிராபிக்ஸ் கார்டு 100 சதவீதத்தில் மூச்சு முட்டிக்கொண்டிருந்தது. ஐ7 பாதி வேலைகூட இல்லாமல் சும்மா இருந்தது.

காரணம் எளிது. யார் எங்கே நிற்கிறார்கள், குண்டு யார் மேல் பட்டது என்பதையெல்லாம் பிராசசர் கணக்கிடுகிறது. அந்தக் காட்சியைப் புள்ளி புள்ளியாக வரைவது கிராபிக்ஸ் கார்டு. 1080பி திரையில் சுமார் 20.7 லட்சம் புள்ளிகள், 1440பி திரையில் சுமார் 36.9 லட்சம், 4கே திரையில் சுமார் 83 லட்சம். திரை பெரிதாகும்போது பிராசசரின் வேலை பெரிதாக மாறாது, கார்டின் வேலைதான் ஏறும். கதை சொல்லும் பெரிய கேம்கள் ஆடுபவர் கார்டில்தான் பணத்தைப் போட வேண்டும்.

இதற்கு ஒரு விதிவிலக்கு உண்டு. வேலரன்ட், கவுன்டர் ஸ்ட்ரைக் 2 மாதிரி போட்டி கேம்கள் வரைவதற்கு லேசானவை. அவற்றை 144 ஹெர்ட்ஸில், அதாவது நொடிக்கு 144 படம் மாறும் மானிட்டரில் ஆட, ஒரு ஃபிரேமுக்கு (ஒரு படத்துக்கு) கிடைப்பது 7 மில்லி செகண்டுக்கும் குறைவு, அங்கே பிராசசர்தான் திணறும். அதனால் நீங்கள் எந்த கேம் ஆடப் போகிறீர்கள், எந்த மானிட்டரில் என்பதை முதலில் முடிவு செய்யுங்கள். பார்ட்ஸ் பட்டியலை அதற்கு அப்புறம் எழுதலாம்.

உங்கள் பட்ஜெட்டில் 1080பிக்கு ஆர்டிஎக்ஸ் 5060 கார்டு போதும். அதில் 8 ஜிபி மெமரி. கொஞ்சம் கூடப் போட முடிந்தாலோ, 1440பி மானிட்டர் எண்ணம் இருந்தாலோ ஆர்எக்ஸ் 9060 எக்ஸ்டி 16 ஜிபி பாருங்கள். அதே பெயரில் 8 ஜிபி கார்டும் வருகிறது, பெட்டியில் எண்ணைப் படித்து வாங்குங்கள். கார்டின் மெமரி நிரம்பிவிட்டால், சராசரி எஃப்பிஎஸ் (நொடிக்கு எத்தனை ஃபிரேம்) நன்றாக இருந்தாலும் ஆட்டம் நடுநடுவே குலுங்கும்.

பிராசசருக்கு என் பரிந்துரை ரைசன் 5 7600. 6 கோர் போதும். இதில் சின்னதாக ஒரு உள் கிராபிக்ஸும் இருப்பதால், கார்டு வாரன்டிக்குப் போகும் வாரங்களில் கணினி இருட்டாக நிற்காது. பெயரின் கடைசியில் எஃப் என்று முடியும் பிராசசர்களில் இது கிடையாது. இது உட்காரும் ஏஎம்5 சாக்கெட் மதர்போர்டு எடுத்தால் சில வருடம் கழித்து பிராசசரை மட்டும் மாற்றலாம். பி650 போர்டு தாராளமாகப் போதும்.

ராம் 16 ஜிபி என்றால் 8 ஜிபி ஸ்டிக் இரண்டாக வாங்குங்கள். ஒற்றை ஸ்டிக் போட்டால் இரண்டு சேனலில் ஒன்று காலியாகக் கிடக்கும். 2025 கடைசியில் ஏஐ டேட்டா சென்டர்களால், இந்த போர்டுக்கு வேண்டிய டிடிஆர்5 ராமின் விலை கடுமையாக ஏறியது. வீட்டில் பழைய கணினியில் நல்ல டிடிஆர்4 ராம் இருக்கிறதென்றால் அந்த ராமை ஏற்கும் ரைசன் 5 5600, பி550 போர்டு என்று போய், மிச்சத்தைக் கார்டில் போடுவதும் நல்ல யோசனைதான். கேம்களைச் சேமிக்கும் எஸ்எஸ்டி 1 டிபி என்விஎம்இ வகை, அதற்கு மேல் யோசிக்க ஒன்றுமில்லை.

அடுத்தது எஸ்எம்பிஎஸ், கணினிக்கு மின்சாரம் பிரித்துத் தரும் பெட்டி. தயவுசெய்து இதை நிதானமாகப் படியுங்கள். என் முதல் கணினிக்கு, "கேபினட்டோடவே எஸ்எம்பிஎஸ் வருது சார், தனியா எதுக்கு?" என்று கடையில் சொன்னார்கள், நானும் தலையாட்டினேன். மேலே 450 வாட் என்று பெரிதாக எழுதியிருந்தது. இரண்டு வருடம் கழித்து ஒரு கோடை இரவில் கரண்ட் போய்ப் போய் வந்ததில் கருகல் வாடையோடு அது போனது. போகும்போது மதர்போர்டையும் கூட்டிக்கொண்டு போனது. கழற்றிப் பக்கவாட்டு லேபிளைப் பார்த்தால் 12 வோல்ட்டுக்கு நேராக 18 ஆம்பியர். பெருக்கினால் 216 வாட். பிராசசரும் கார்டும் தின்பது அந்த 12 வோல்ட் மின்சாரத்தைத்தான். 450 என்பது வெறும் எழுத்து.

நான் மேலே சொன்ன 5060 கார்டுக்கு 145 வாட், பிராசசர் உச்சத்தில் 88 வாட், போர்டும் ஃபேன்களும் மற்றதும் ஐம்பது அறுபது. மொத்தம் 300 வாட் பக்கம். நல்ல கம்பெனியின் 550 அல்லது 650 வாட் எஸ்எம்பிஎஸ் வாங்குங்கள். லேபிளில் 12 வோல்ட் கணக்கு மொத்த வாட்டை நெருங்கி நிற்க வேண்டும், வாரன்டி 5 வருடமாவது இருக்க வேண்டும். 80 பிளஸ் பிரான்ஸ் முத்திரை மின்சாரம் எவ்வளவு வீணாகிறது என்பதை மட்டும்தான் சொல்கிறது, உள்ளே இருக்கும் பாகங்களின் தரத்தைச் சொல்லாது.

யூபிஎஸ்ஸும் இதே கதைதான். நம் வீடுகளில் சாதாரணமாக இருக்கும் 600 விஏ யூபிஎஸ் பெரும்பாலும் 360 வாட்தான் தாங்கும். மானிட்டரையும் சேர்த்தால் விளிம்பில் நிற்கிறீர்கள், கரண்ட் போன நொடியில் எல்லாம் அணைந்துவிடலாம். 1000 விஏ பக்கம் பாருங்கள், விஏவை விட்டுவிட்டு வாட்டைக் கேளுங்கள். வீட்டு பிளக்கில் எர்த் சரியாக இருக்கிறதா என்று எலக்ட்ரீஷியனிடம் ஒருமுறை பார்க்கச் சொல்லுங்கள்.

கேபினட்டின் முன்பக்கம் வலை போல இருக்கட்டும். 2023இல் நான் அழகுக்காக முன்பக்கம் முழுக்கக் கண்ணாடி உள்ளதை வாங்கினேன். மே மாத மதுரை வெயிலில், ஏசி இல்லாத அறையில், பக்கக் கதவைக் கழற்றியதுமே கார்டின் சூடு 9 டிகிரி இறங்கியது. காற்று நுழைய வழியில்லாத பெட்டிக்குள் எத்தனை ஃபேன் மாட்டினாலும் உள்ளே இருக்கும் வெந்த காற்றுதான் சுற்றிக்கொண்டிருக்கும்.

எல்லாம் மாட்டி முடித்த அன்று மூன்று வேலை இருக்கிறது. மானிட்டர் கேபிளை மதர்போர்டில் செருகாமல் கிராபிக்ஸ் கார்டில் செருகுங்கள். பயாஸில் (கணினி ஆன் ஆகும்போது நுழையும் மதர்போர்டு செட்டிங்ஸ்) ராம் வேகத்துக்கான எக்ஸ்போவை ஆன் செய்யுங்கள், இல்லாவிட்டால் 6000 என்று காசு கொடுத்து வாங்கிய ராம் பெரும்பாலும் 4800இல்தான் ஓடும். விண்டோஸ் டிஸ்ப்ளே செட்டிங்ஸில் 144 ஹெர்ட்ஸைத் தேர்ந்தெடுங்கள். 144 மானிட்டர் வாங்கி ஒரு வருடமாக 60இல் ஆடிக்கொண்டிருந்த நண்பன் எனக்கு இருக்கிறான்.

ஜிஎஸ்டி பில்லில் ஒவ்வொரு பாகத்தின் சீரியல் எண்ணையும் எழுதச் சொல்லி, பெட்டியோடு ஒப்பிட்டுப் பார்த்துவிட்டுக் கடையை விட்டு இறங்குங்கள். பெட்டிகளைத் தூக்கிப் போட்டுவிடாதீர்கள், வாரன்டிக்கு அனுப்பும்போது கார்டைப் பத்திரமாக வைக்க அதைவிட நல்ல உறை கிடைக்காது.