கிரீன் கார்டு இருந்தால் பள்ளி வாரியக் கூட்டத்தில் பேசலாமா?

தாராளமாகப் பேசலாம் நண்பரே. ஓட்டுப் போடத்தான் குடியுரிமை வேண்டும். மகளின் வரலாற்றுப் பாடநூலை மாற்றப் போகிறார்கள், மாநிலத்துக்கு எழுதவா என்று கேட்டிருந்தீர்கள். அமெரிக்காவின் கொலராடோவில் அது பெரும்பாலும் வீண் வேலை. பாடநூலை விதிக்கும் அதிகாரம் மாநிலத்துக்கு இல்லை என்று இங்கே அரசியலமைப்பே சொல்கிறது. உள்ளூர் மக்கள் தேர்ந்தெடுக்கும் பள்ளி வாரியத்தைத்தான் பிடிக்க வேண்டும்.

கூட்டத்துக்கு 24 மணி நேரம் முன்பாவது வாரியம் அறிவிப்பு வெளியிட்டாக வேண்டும். அதைப் பார்த்துப் பெயர் கொடுங்கள். கிடைப்பது இரண்டு மூன்று நிமிடம். நான் முதல்முறை போனபோது வணக்கம், நன்றி, ஊர்க்கதை என்று இழுத்து, விஷயத்துக்கு வருவதற்குள் சிவப்பு விளக்கு எரிந்துவிட்டது. அதனால் பாடநூலை மாற்றும் தீர்மானத்தில் ஒரே ஒரு வரியைப் பிடியுங்கள்.

2014-ல் கொலராடோவின் ஜெபர்சன் கவுண்டியில் நடந்தது அதுதான். வரலாற்றுப் பாடம் தேசப்பற்றை வளர்க்க வேண்டும், சட்ட மறுப்பை ஊக்குவிக்கக் கூடாது என்றது அங்குள்ள பள்ளி வாரியத்தில் வந்த ஒரு முன்மொழிவு. அந்த வாசகத்தை எதிர்த்து மாணவர்கள் வகுப்பை விட்டு வெளியேறினார்கள். சட்ட மறுப்பு கூடாது என்றதற்குப் பதில் சட்ட மறுப்பு! 2015 நவம்பரில் வாரியத்தின் ஐந்து உறுப்பினர்களில் மூவரை மக்கள் வாக்களித்தே பதவியிலிருந்து இறக்கினார்கள்.

சரி, தீர்மானத்தின் வாசகம் கையில் இருந்தால் அனுப்புங்கள். எந்த வரி என்று சேர்ந்து பார்ப்போம்.