கடலடியில் தெரிவது குமரிக்கண்டத்தின் மதிலா?

ஐயா, வணக்கம்.

கூகுள் மேப்பில் வங்காள விரிகுடாவுக்குத் தெற்கே கடலடியில் ஒரு நேர்க்கோடு தெரிகிறது. குமரிக்கண்டத்தின் மதில் அது என்று யூடியூபில் ஒருவர் அடித்துச் சொல்கிறார். அங்கே நிலம் இருந்ததா? 2012 நிலநடுக்கத்துக்கும் அதற்கும் தொடர்பு உண்டா?

ஒரு வாசகர், தூத்துக்குடி

அன்புள்ள வாசகருக்கு,

மதில் இல்லை. அணைந்துபோன எரிமலைகளின் வரிசை. 90 பாகை கிழக்குத் தீர்க்கரேகையை ஒட்டிப் போவதால் தொண்ணூறு கிழக்கு மலைத்தொடர் என்று பெயர். நீளம் சுமார் 5000 கி.மீ. அதன் வடபகுதி கங்கையும் பிரம்மபுத்திராவும் கொட்டிய வண்டலுக்குள் புதைந்துவிட்டதால் மேப்பில் தெரியாது.

தையல் மெஷினில் ஊசி ஒரே இடத்தில்தான் குத்துகிறது, துணி நகர்வதால் தையல் கோடாக விழுகிறது. இங்கே ஊசி, தெற்கே கெர்குலன் தீவுகள் பக்கம் பூமியின் ஆழத்திலிருந்து பொங்கிய அனல். துணி, வடக்கு நோக்கி ஓடிக்கொண்டிருந்த இந்தியத் தட்டு, அதாவது இந்தியாவைச் சுமந்து நகரும் பூமி ஓட்டின் பெரிய துண்டு. அதனால்தான் வடக்கே உள்ள பாறைக்கு வயது ஏறத்தாழ 8 கோடி ஆண்டு, தெற்கே 4 கோடி.

நிலம் இருந்ததா என்றால், இருந்தது! 1972இல் குளோமர் சாலஞ்சர் என்ற கப்பல், ஒன்றரை கிலோமீட்டருக்கும் அதிகமான ஆழத்தில் இந்த மலையைத் துளையிட்டது. மேலே ஆழ்கடல் சேறு. அதற்குக் கீழே ஆழமில்லாத கடலின் சிப்பித் துண்டுகள். இன்னும் கீழே, எரிமலைச் சாம்பலோடு பழுப்பு நிலக்கரி. நெய்வேலியில் வெட்டி எடுக்கிறார்களே, அதே வகை. உள்ளே மகரந்தத் துகள்களும் இருந்தன. செடிகொடி மண்டிய தீவு, தட்டு குளிர்ந்து கனக்கக் கனக்கக் கடலுக்குள் இறங்கியிருக்கிறது. துளையில் வந்த அடுக்குகளின் வரிசையில் அது அப்படியே தெரிகிறது. ஆனால் அந்தக் கரிக்கு வயது சுமார் 6 கோடி ஆண்டு. நம் மனித இனத்துக்கு 3 லட்சம்தான். மதில் கட்ட ஆள் ஏது? எனக்கென்னவோ யூடியூப்காரரின் மதிலைவிட இந்தக் கரித்துண்டுதான் பெரிய அதிசயமாகப் படுகிறது.

அப்புறம் 2012 ஏப்ரல் 11. சென்னையில்கூட ஆட்டம் தெரிந்து ஜனங்கள் கட்டடங்களை விட்டு வெளியே வந்தார்கள். அளவு 8.6. இந்த மலைத்தொடருக்குக் கிழக்கே, சுமத்ராவுக்கு மேற்கே நடந்தது. எரிமலைக்கும் அதற்கும் சம்பந்தமில்லை. தட்டே உள்ளுக்குள் உடைகிறது. பாறைகள் பக்கவாட்டில் வழுக்கியதால் கடல்நீர் பெரிதாக மேலே தள்ளப்படவில்லை, சுனாமி எச்சரிக்கையோடு போயிற்று. அந்தப் பழைய அனல் இன்று எரிவது தெற்கே, அண்டார்டிகா போகிற வழியில், ஹேர்ட் தீவில்.